இறக்கத்தில் பர்வியஸ் கான்கிரீட்: நான்கு மழைக்காலம் பார்த்த பிறகு

கொடைக்கானலில் வீடு கட்டும் நண்பன் போன வாரம் கேட்டான்: "உங்க வீட்டு இறக்கத்துல பர்வியஸ் கான்கிரீட் போட்டியே, எப்படிடா இருக்கு?" மேலே விழும் தண்ணீரைத் துவாரம் வழியாக உள்ளே இறங்கவிடும் கான்கிரீட் அது. அன்று காலை இரண்டு மணி நேரம் அதைக் கழுவி இடுப்பு விட்டுப்போயிருந்தது. "போடாதே" என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா?

ஏற்காட்டில் எங்கள் வீடு ரோட்டைவிடத் தாழ்வு. வண்டிப்பாதை 40 அடி நீளம், 3 அடி இறக்கம். மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் செம்மண்ணோடு போர்டிகோ வரை வரும். மணல் சேர்க்காத இந்தக் கான்கிரீட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெறும் துவாரம். போட்ட பிறகு, கொட்டுகிற மழையிலும் மேலே தண்ணீர் ஓடவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்தால் காலடியிலேயே காணாமல் போகும். சொரசொரப்பாக இருப்பதால் அம்மா மழையிலும் பயமில்லாமல் இறங்கி வருகிறார். இதற்காகவே அதை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் முதல் ஐப்பசியிலேயே கீழ் ஓரத்தில், போர்டிகோவை ஒட்டி, ஊற்று மாதிரி தண்ணீர் பொங்கியது. மேலே குடித்த தண்ணீரெல்லாம் அடியில் இருக்கும் ஜல்லி மெத்தை வழியாகச் சறுக்கி வந்திருக்கிறது. மெத்தை 8 அங்குலம். தண்ணீர் மட்டமாகத்தானே நிற்கும்? இந்தச் சரிவில் கீழே உள்ள 9 அடியில்தான் அது தேங்க முடியும். மீதி 31 அடி ஜல்லிக்குக் கொடுத்த காசு வீண். மேட்டுக்காட்டில் வரப்பில்லாமல் தண்ணீர் நிற்காது என்பது எங்கள் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். போட்டவர் சமதளத்தில் போடுவதுபோல் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுவருடம் குறுக்கே நான்கு இடத்தில் அறுத்து, மெத்தை உயரத்துக்குத் தடுப்புச் சுவர் வைத்தோம். கடைசிச் சுவரை ஒட்டி ஓட்டை போட்ட பைப் பதித்துத் தோட்டத்துக்குத் திருப்பினோம். அப்புறம் ஊற்று நின்றது. போட்ட செலவில் பாதி மறுபடியும் ஆனது.

கழுவும் வேலை மட்டும் ஓயவில்லை. ரோட்டு மண்ணும் சில்வர் ஓக் இலையும் முதலில் சேர்வது மேல் ஓரத்தில்தான். அங்கே துவாரம் அடைத்தால் தண்ணீர் பழையபடி மேலேயே வழிகிறது. பிரஷர் வாஷரைச் சாய்த்துப் பிடித்துக் கழுவினால் செம்மண் குழம்பாக வெளியே வரும். நேரே அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய்விடும்.

குறை கான்கிரீட்டில் இல்லை, போட்ட விதத்தில்தான். தடுப்புச் சுவரோடு முதலிலேயே போட்டிருந்தால் பாதிப் புலம்பல் இருக்காது. இருந்தாலும் நண்பனுக்கு என் பதில் இன்றைக்கும் அதேதான்: சாதா கான்கிரீட் போட்டு ஓரத்தில் வாய்க்கால் எடு. இன்று மேல் ஓரத்தில் ஊற்றிய வாளித் தண்ணீர் நான்கு அடி ஓடித்தான் உள்ளே இறங்கியது.