சோர்வுச் சோதனைக்கு எந்த இயந்திரம்: ஹைட்ராலிக்கா, ஒத்ததிர்வா?

திரும்பத் திரும்ப வரும் சுமையில் உலோகம் விரிசல் விட்டு உடைவதுதான் உலோகச் சோர்வு. அதைச் சோதிக்க எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இயந்திரம் தேடியபோது மூன்று வகைகளைப் பார்த்தோம்: சுழல் வளைவு, சர்வோ ஹைட்ராலிக், ஒத்ததிர்வு. வாங்கியது ஒத்ததிர்வு இயந்திரம். அதன் பக்கம் நான் சாய்வது கீழே தெரியத்தான் செய்யும்.

சுழல் வளைவு வகை மலிவு, எளிது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பொறியாளர் வோலர் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சோதித்த அதே அடிப்படைதான். ஆனால் உருளை வடிவ மாதிரிதான் (சோதிக்கும் துண்டு) மாட்ட முடியும். இழுப்பும் அழுத்தமும் சமமாக மாறிமாறி வருவதால் சராசரித் தகைவு (ஓரலகு பரப்பில் விழும் விசை) எப்போதும் சுழியம். எங்களிடம் வருவதில் பாதி தகடு, அதனால் அது அப்போதே விலகிவிட்டது.

எண்ணெய் அழுத்தத்தால் மாதிரியை இழுத்துத் தள்ளும் சர்வோ ஹைட்ராலிக்கின் திறமையில் சந்தேகமே இல்லை. எந்த அலைவடிவமும் கொடுக்கலாம், திரிபை, அதாவது மாதிரி நீளும் அளவை, கட்டுப்படுத்திக் குறைசுழற்சிச் சோதனை (அதிகச் சுமையில் குறைந்த சுழற்சிகளில் உடைய விடுவது) செய்யலாம், வாகனத்தில் பதிவான சுமையை அப்படியே திருப்பி ஓட்டலாம்.

சிக்கல் எண்ணெயில். சுமார் 210 பார் அழுத்தத்தில் பம்ப் சோதனை முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அது எண்ணெயைச் சூடாக்கும், அந்தச் சூட்டை எடுக்கக் குளிரூட்டும் ஏற்பாடு வேண்டும். எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வின் இடைவெளிகள் மைக்ரான் கணக்கு என்பதால் எண்ணெயில் தூசு சேர்ந்தாலே கட்டுப்பாடு தடுமாறும். ஃபில்டர், சீல், எண்ணெய்ப் பரிசோதனை என்று வேலை தீராது. மாதிரி உடைகிறதோ இல்லையோ, மின்கட்டணம் ஏறும். 20 ஹெர்ட்ஸில் ஒரு கோடி சுழற்சிக்குக் கிட்டத்தட்ட 6 நாள். எந்தத் தகைவில் எத்தனை சுழற்சி தாங்கும் என்று காட்டும் தகைவு-ஆயுள் வளைகோடு ஒன்று வரையப் பல மாதிரிகள் தேவை. உடையாமல் ஒரு கோடியைத் தாண்டுபவைதான் அதிக நேரம் தின்னும்.

ஒத்ததிர்வு இயந்திரம் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தொட்டு ஆட்டுவது போல. மாதிரியும் எடைகளும் சேர்ந்த அமைப்பு தன் இயல்பு அதிர்வெண்ணில் ஆடுகிறது, இழக்கும் சக்தியை மட்டும் மின்காந்தம் ஈடுசெய்கிறது. பம்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. 100 ஹெர்ட்ஸில் அதே ஒரு கோடி 28 மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்னொரு வசதியும் உண்டு: விரிசல் வளர்ந்தால் விறைப்பு குறையும், அதிர்வெண் இறங்கும். அந்த இறக்கத்தை வைத்தே, மாதிரி முழுதாக முறியும் முன் சோதனையை நிறுத்தலாம்.

பராமரிப்பு என்று பார்த்தால் முக்கியமாக இறுக்கம்தான். பிடிப்பிலோ திருகிலோ தளர்வு இருந்தால் ஒத்ததிர்வே நிலைக்காது. அப்புறம் இரைச்சல், ஒலித்தடுப்பு இல்லாமல் பக்கத்தில் உட்கார முடியாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சைன் அலை மட்டும்தான் வரும். அதிர்வெண்ணை நாம் முடிவு செய்ய முடியாது, மாதிரியின் விறைப்பும் எடைகளும்தான் முடிவு செய்யும். நெகிழி போன்றவை இந்த வேகத்தில் சூடாகிவிடும். அரிப்புச் சூழலிலும் உயர் வெப்பத்திலும் வேகமே முடிவை மாற்றக்கூடும். அங்கே மெதுவாக ஓட்டும் ஹைட்ராலிக்தான் சரி.

20 கிலோஹெர்ட்ஸ் மீயொலி வகையில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. நூறு கோடி சுழற்சியை நிறுத்தாமல் ஓட்டினால் 14 மணி நேரம்தான். நடைமுறையில் மாதிரி சூடாவதால் விட்டுவிட்டு ஓட்ட வேண்டியிருக்கும். நூறு கோடிக்கு மேல் ஆயுள் தேவைப்படுபவர்கள் அதையும் பார்க்கலாம்.

எங்களுக்குக் குறைசுழற்சி வேலை எப்போதாவதுதான் வருகிறது. அதை வெளியே கொடுத்துச் செய்துகொள்கிறோம்.