ஸ்டோரேஜுக்கு மானிட்டரிங் போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

சான் ஸ்டோரேஜ் (பல சர்வர்கள் தனி நெட்வொர்க் வழியே பகிர்ந்துகொள்ளும் ஸ்டோரேஜ்) வைத்திருப்பவர்களும் புதிதாக வாங்கப் போகிறவர்களும் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு ஸ்டோரேஜ் விற்ற நிறுவனமே, அதில் இணைந்த சர்வர்களுக்குப் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரிங் அமைத்துத் தருவதாகச் சொல்லித் தனியாகப் பில் போட்டது. ‘எல்லா ஹோஸ்ட்களுக்கும்’, அதாவது இணைந்த எல்லா சர்வர்களுக்கும், என்று பில்லிலேயே தெளிவாக இருக்கிறது. பச்சை நிற வரைபடங்களைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாதக் கடைசியில் ஈஆர்பி (கணக்கு, சரக்கு எல்லாம் ஓடும் அலுவலக மென்பொருள்) இழுக்க ஆரம்பித்தது. மானிட்டரிங் திரையில் பார்த்தால் லேட்டன்சி, அதாவது ஒரு ரீட் அல்லது ரைட் முடிய ஆகும் நேரம், 1 மில்லிசெகண்ட். போன் செய்தால், “சார், ஸ்டோரேஜ் சைடுல எல்லாம் க்ரீன். உங்க அப்ளிகேஷன்லதான் ஏதோ இருக்கு” என்றார் அவர்களுடைய இன்ஜினியர். சரி என்று டேட்டாபேஸ் குழுவை உட்கார வைத்து குவெரிகளைத் துழாவ விட்டோம். கொஞ்ச நாளில் அதே நிறுவனத்தின் விற்பனை ஆள், “ஆல் ஃபிளாஷுக்கு மாறிடலாம் சார், எல்லாம் சரியாயிடும்” என்று, முழுக்க எஸ்எஸ்டி போட்ட புது ஸ்டோரேஜுக்குக் கொட்டேஷனோடு வந்து நிற்கிறார். ஸ்டோரேஜில் குறையே இல்லை என்று சொன்னவர்கள் புது ஸ்டோரேஜ் விற்க வருகிறார்கள்! எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

டேட்டாபேஸ் சர்வரில் ஐயோஸ்டாட் (டிஸ்க் வேகத்தைக் காட்டும் லினக்ஸ் கட்டளை) ஓட விட்டு நொடிக்கு நொடி பார்த்தோம். ஒரு ரீட் முடிய 40 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. ஸ்டோரேஜ் 1 என்கிறது, சர்வர் 40 என்கிறது என்றால் மிச்ச நேரம் சர்வருக்குள்ளேயே காத்திருப்பதில் போகலாம், இல்லையென்றால் நடுவழியில், அதாவது ஹெச்பிஏ (சர்வரில் உள்ள ஸ்டோரேஜ் கார்டு), கேபிள், எஸ்எஃப்பி (கேபிளைச் செருகும் சிறு ஆப்டிகல் மாட்யூல்), ஸ்விட்ச் இவற்றில் எங்கோ போகிறது. மல்டிபாத்தில் (சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்குப் பல பாதைகள் வைக்கும் ஏற்பாடு) எல்லாப் பாதையும் ‘ஆக்டிவ்’ என்றே காட்டியது. ஸ்விட்ச்சில் ஒரே ஒரு போர்ட்டில் மட்டும் சிஆர்சி பிழை (வழியில் டேட்டா சிதைவதைக் காட்டும் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே இருந்தது. எஸ்எஃப்பியை மாற்றியதும் சரியாகிவிட்டது.

அப்புறம்தான் அவர்கள் அமைத்துக் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தோம். ஹோஸ்ட் பட்டியலில் சர்வர்களின் பெயரும் டபிள்யூடபிள்யூபிஎன் எண்ணும் (ஹெச்பிஏ போர்ட்டின் அடையாள எண்) இருந்தன. எல்யூஎன், அதாவது சர்வருக்கான டிஸ்க் பகுதி, ஒதுக்கவே அது தேவை, மானிட்டரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தச் சர்வரிலிருந்தும் ஒரு அளவுகூட வரவில்லை. ஸ்விட்ச்சைச் சேர்க்கவே இல்லை. ஸ்டோரேஜ் அளவுகளும் 5 நிமிடச் சராசரிதான். 10 நொடி 100 மில்லிசெகண்டுக்கு எகிறி, மற்ற நேரமெல்லாம் 1 ஆக இருந்தால், நேரக் கணக்குப்படி அந்த 5 நிமிடச் சராசரி 4 சொச்சம்தான் வரும். பயனர் தவித்த அந்த நொடிகள் வரைபடத்தில் தெரியவே தெரியாது. போதாததற்கு, ஸ்டோரேஜ் யுடிசி (உலகப் பொது) நேரத்திலும் சர்வர்கள் இந்திய நேரத்திலும் ஓடின. 5 மணி 30 நிமிடம் தள்ளியிருக்கும் இரண்டு வரைபடங்களை எப்படி ஒப்பிடுவது? டைம் ஸோனை ஒன்றாக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இன்னொன்று. எல்லா சர்வர்களின் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி ஒரு எக்செல் ஷீட்டில் வைத்திருந்தார்கள். விசென்டரிலிருந்து (விஎம்வேர் சர்வர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) அளவுகளை எடுக்க, பார்க்க மட்டும் முடிகிற ரீட் ஒன்லி கணக்கே போதும். யார் கேட்டாலும் ரூட் கொடுக்காதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் அவர்களை உங்கள் எதிரிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு சர்வரில் எஃப்ஐஓ (டிஸ்க்குக்குச் சோதனை லோடு கொடுக்கும் கருவி) கொண்டு லோடு ஏற்றினால், அந்தச் சர்வரின் பெயரில் உள்ள வரைபடம் அப்போதே ஏற வேண்டும். வேலை நேரம் முடிந்தபின், மல்டிபாத் சரியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு ஒரு பாதையை நிறுத்துங்கள். அலர்ட் வருகிறதா பாருங்கள். விஎம்வேர் என்றால் டிஏவிஜி, கேஏவிஜி என்ற இரண்டு லேட்டன்சி அளவுகளும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். முதலாவது பாதையும் ஸ்டோரேஜும் எடுக்கும் நேரம். இரண்டாவது ஹோஸ்டுக்குள்ளேயே காத்திருக்கும் நேரம், அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். ஹோஸ்ட் பக்க வேலை வருடாந்தர ஒப்பந்தத்தில்தான் வரும், அதற்குத் தனிக் கட்டணம் என்று இப்போது சொல்கிறார்கள். உங்கள் கொட்டேஷனிலும் ‘எண்ட் டு எண்ட் மானிட்டரிங்’ என்று மொத்தமாக ஒரே வரி இருந்தால், எந்தெந்த சர்வர், எந்தெந்த ஸ்விட்ச், எத்தனை நொடிக்கு ஒருமுறை என்று எழுத்தில் வாங்காமல் பர்ச்சேஸ் ஆர்டர் கொடுக்காதீர்கள்.