பாஸுக்கு 4, அக்காவுக்கு 8: எங்க ஆபிஸ்ல அமாவிஸ் போட்டு ஒரு வருஷம்

எங்க ஆபிஸ் பினாங்கு பட்டர்வொர்த்ல, சரக்கு அனுப்பி வெக்கற சின்ன ஃபார்வர்டிங் கம்பெனி, 14 பேருக்கு மெயில் இருக்கு, சர்வர பாத்துக்கறது நான்தான். பாஸுக்கு ஒரே ஒரு குப்பை மெயில் வந்தாலும் காலைலயே கூப்ட்டு கத்துவார். ஷிப்பிங் டெஸ்க் அக்காவுக்கு அப்படியே நேர்மாறு, குப்பை 100 வந்தாலும் பரவால்ல, ஒரு கொட்டேஷன் தவறக்கூடாது, ஏன்னா சைனாலேர்ந்து வர்ற நெஜ மெயிலே பாதி ஸ்பாம் மாதிரிதான் இருக்கும் லா.

முன்னாடி மெயில் வெச்சிருந்த இடத்துல (பேரு வேணாம்) எது ஸ்பாம்னு முடிவு பண்ற அளவு எல்லாருக்கும் ஒண்ணுதான். இறுக்குனா அக்காவோட பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) காணாம போகும், தளத்துனா பாஸ் வருவார்.

அதான் சொந்தமா மெயில வாங்கி அனுப்பற போஸ்ட்ஃபிக்ஸ், ஸ்பாமானு பாக்கற ஸ்பாம் அசாசின், நடுவுல ரெண்டையும் சேக்கற அமாவிஸ். மெயில ஒரே தடவைதான் செக் பண்ணி மார்க் போடுது (மார்க் கூடுனா ஸ்பாம்), அப்புறம் அந்த மார்க்க ஒவ்வொருத்தரோட அளவோடயும் வெச்சு பாக்குது. அந்த அளவு அசாசின்ல வழக்கமா 5, நான் டேட்டாபேஸ்ல பாஸுக்கு 4, அக்காவுக்கு 8 போட்டேன். ரெண்டு பேருக்கும் சேந்து வந்த மெயில் 6 வாங்குனா பாஸோட காப்பி குவாரன்டைன்ல (ஸ்பாம தனியா புடிச்சு வெக்கற எடம்) உக்காரும், அக்காவோடது இன்பாக்ஸுக்கு போயிடும். இதுக்கே அஞ்சுல நாலு ஸ்டார் குடுக்கலாம்.

பாஸுக்கு ஸ்பாம் ஆனத வாங்காம வாசல்லயே திருப்பி அனுப்பலாமேன்னு பக்கத்து கடை தம்பி கேட்டான். முடியாதுடா. எஸ்எம்டிபில (சர்வருங்க மெயில் குடுத்து வாங்கற முறை) யார் யாருக்குன்னு சொல்றப்போ ஆளுக்கொரு பதில் சொல்லலாம், ஆனா அப்போ மெயிலே கைக்கு வரல, மார்க் எங்கேர்ந்து போடறது? மெயில் முழுசா வந்தப்புறம் எல்லாருக்கும் சேத்து ஒரே பதில்தான், 250 (வாங்கிட்டேன்) இல்லனா 550 (வேணாம்). அதோட தம்பி மாதிரி இருக்கற எல்எம்டிபில தனித்தனியா சொல்லலாம், ஆனா அது நம்ம சர்வருக்குள்ள ஓடற சமாச்சாரம். ஆளுக்கொரு மெயிலா வரட்டும்னு ரெண்டாவது ஆளுக்கு மட்டும் 450 சொல்லி அப்புறம் வான்னு அனுப்பறவங்களும் இருக்காங்க, மெயில் லேட்டாகும், அக்கா சும்மா விடுவாங்களா? அதனால வாங்கிட்டுதான் பிரிக்கணும், வாங்குனப்புறம் அனுப்புனவருக்கே திருப்பி பவுன்ஸ் பண்ணவும் கூடாது, ஸ்பாம்ல இருக்கற அனுப்புனர் அட்ரஸ் பொய், பாவம் யாரோ ஒருத்தர் தலைல போய் விழும்.

கொறைனு பாத்தா, அளவுதான் ஆளாளுக்கு, பேயஸ் (எது ஸ்பாம், எது நல்லதுன்னு நாம காட்டறத வெச்சு கத்துக்கற பகுதி) நான் போட்ட செட்டப்ல எல்லாருக்கும் ஒண்ணேதான். பாஸ் தானே சப்ஸ்க்ரைப் பண்ணுன நியூஸ்லெட்டர ஸ்பாம்னு சொல்றவர், அவர் சொல்றத வெச்சு கத்துக்குடுத்தா ஆபிஸே கெட்டுடும், அதனால நான் மட்டும்தான் கத்துக்குடுக்கறேன். அமாவிஸோட கான்ஃபிக் ஃபைல் பெர்ல்ங்கற ப்ரோக்ராமிங் மொழில இருக்கு, ஒரு செமிகோலன் விட்டேன், ஸ்டார்ட்டே ஆகல, அன்னிக்கு மத்தியானம் நாசி கண்டார் போச்சு.

இன்னொண்ணு, யூசர் தானா குவாரன்டைன தொறந்து பாக்க அமாவிஸ்ல ஸ்க்ரீன் கெடையாது. போன வாரம் பாஸோட பேங்க் மெயிலே 4.3 வாங்கி மாட்டிக்கிச்சு. அளவ 5 ஆக்கட்டுமானு கேட்டேன், வேணாம், நீ பாத்து எடுத்து விடுனுட்டார். இப்போ டெய்லி சாயங்காலம் வீட்டுக்கு கெளம்பறதுக்கு முன்னாடி அதான் என் வேல.