135 லென்ஸுக்கு எந்த ஃபைண்டர்: மாஸ்க், டரெட், ஜூம், இல்ல தனி பிரைட்லைனா?

லைக்கா த்ரீ எஃப் மாதிரி பழைய ஃபிலிம் கேமரா பாடில 135 எம்எம் டெலி லென்ஸ் (தூரத்துல இருக்குறத பெருசா காட்டுறது) மாட்டினா ஃபோகஸ் பண்ண ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்குற அமைப்பு) இருக்கு, ஆனா எது படத்துல வரும் எது வராதுன்னு பாக்க வழி இல்ல, ஏன்னா பாடியோட ஃபைண்டர், அதாவது கண்ண வச்சு பாக்குற ஜன்னல், 50 எம்எம் லென்ஸுக்கு மட்டும்தான். அதனால கேமரா மேல இருக்குற ஷூல (துணைக் கருவி சொருகுற இடம்) தனியா ஒரு ஃபைண்டர் சொருகியே ஆகணும். 1954ல வந்த லைக்கா எம்3ல 50, 90, 135 மூணுக்கும் உள்ளயே ஃப்ரேம் இருக்கு, அது வச்சிருக்கவங்க இத படிக்கவே வேணாம்.

நிறைய பேர் முதல்ல போறது லைக்காவோட இமாரெக்ட், அதோட கோட் பேர் விஐஓஓஹெச். வளையத்த திருப்புனா 35ல இருந்து 135 வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரே ஃபைண்டர், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள படம் பெருசாகாது, சுத்தி இருக்குற மாஸ்க் மட்டும் மூடிக்கிட்டே வரும். 35ல பாத்த கட்டத்தோட பரப்புல கிட்டத்தட்ட 15ல ஒரு பங்குதான் 135ல மிஞ்சும், அந்த துளிக்குள்ள ஒருத்தர் கண்ண மூடியிருக்காரா இல்லையான்னு எப்படி பாக்குறது? அதுக்கு முன்னாடி வந்த விடோம் இன்னும் மோசம், இடது வலது மாறித் தெரியும், நடந்து போற ஆள தொடர்ந்து எடுக்கணும்னா கை தப்பான பக்கம்தான் போகும்.

ரஷ்யாவோட கேஎம்இசட் டரெட் இந்த விஷயத்துல தேவலாம். 28, 35, 50, 85, 135ன்னு அஞ்சு குட்டி லென்ஸ் சுத்தும், 135க்கு படமும் பெருசாயிடும். சைஸ்தான் தொல்லை, கேமரா மேல ஒரு குண்டு கட்டி மாதிரி உக்காந்திருக்கும். டெவே, நிக்கான் வேரிஃபோக்கல் இதெல்லாம் ஜூம் டைப், இதுலயும் படம் பெருசாகும், ஆனா உள்ள கண்ணாடி அதிகம்ங்கறதால வாங்குறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல புடிச்சு புகை மாதிரி படிஞ்சிருக்கான்னு கட்டாயம் பாருங்க.

என் ஓட்டு தனி பிரைட்லைனுக்குத்தான். லைக்காவுல 135க்கு எஸ்ஹெச்ஓஓசி, 90க்கு எஸ்ஜிவிஓஓ. வெள்ளைக் கோடு காட்சி மேல மிதக்கும், கோட்டுக்கு வெளியவும் தெரியும், அதனால ஆள் ஃப்ரேமுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே நாம ரெடியா இருக்கலாம். டெலில படம் எடுக்குறதே அந்த ஒரு நொடிக்காகத்தானே, மாஸ்க்கும் டரெட்டும் சரியா அந்த இடத்தத்தான் மறைச்சிடுது.

அடுத்தது பேரலாக்ஸ், அதாவது ஃபைண்டரும் லென்ஸும் வேற வேற உயரத்துல இருந்து பாக்குறதால வர்ற வித்தியாசம், இத லேசா விட்டுடாதீங்க. ஃபைண்டர் லென்ஸுக்கு 5 சென்டிமீட்டர் மேல இருக்குன்னு வைங்க. 135ல ஒன்றரை மீட்டர் தூரத்துல படத்தோட உயரமே சுமார் 24 சென்டிமீட்டர்தான், அதுல அஞ்சு போச்சுன்னா தலை கட் ஆயிடும். பத்து மீட்டர்ல உயரம் 175 சென்டிமீட்டர் கிட்ட வரும், அங்க இந்த அஞ்சு ஒரு பொருட்டே இல்ல. அதனால கிட்ட போய் முகம் எடுக்குறவங்க தூரத்துக்கு ஏத்த மாதிரி சாய்க்கிற லீவர் இருக்குறதா பாத்து வாங்குங்க, அத மறக்காம திருப்பவும் செய்யணும். கேனான் விடி மாதிரி பாடில ஷூக்குள்ள ஒரு சின்ன பின் இருக்கு, ஃபோகஸ் பண்ணும்போது அதுவும் நகர்ந்து கேனானோட ஃபைண்டர தானாவே சாய்ச்சிடும், எனக்கு ரொம்ப புடிச்ச ஏற்பாடு அது.

கடைசியா ஷூல சொருகுற ஃபைண்டரோட கால் ஆடுதான்னு பாருங்க. 135க்கு படுக்கை ஃப்ரேம்ல மேலிருந்து கீழ மொத்தமே பத்து டிகிரி சொச்சம்தான், ஷூல 2 டிகிரி சாஞ்சாலே அஞ்சுல ஒரு பங்கு போயிடும். பின்பக்கம் திறக்குற பாடின்னா ஃபிலிம் ஓடுற இடத்துல டிரேசிங் பேப்பர் ஒட்டி, ஷட்டர பல்ப்ல (பட்டன அமுக்குற வரைக்கும் திறந்தே இருக்குற செட்டிங்) திறந்து வச்சு, தூரத்துல ஒரு ஜன்னல பேப்பர்லயும் ஃபைண்டர்லயும் ஒப்பிட்டுப் பாருங்க. லைக்கா ஸ்க்ரூ பாடில பின்பக்கம் திறக்காது, அதுக்கு ஒரு செங்கல் சுவர ரெண்டு மூணு ஃப்ரேம் எடுத்து, ஓரத்துல எந்தக் கல்லு வந்திருக்குன்னு எண்ணிப் பாத்தா போதும்.