லைட் வருகிறது, செஷன் நிலைக்கவில்லை: நாகர்கோவிலில் ஒரு லீஸ்டு லைன் சேவையோடு 10 மாதங்கள்

நாகர்கோவிலில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு இணைய இணைப்புகள் வருகின்றன. ஒன்று திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிறது. மற்றொன்று திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக வருகிறது. ஒரு பக்கம் ஜேசிபி கேபிளைத் தோண்டிப் போட்டாலும் மறு பக்கம் நம்மைக் காப்பாற்றும் என்ற கணக்கில்தான் இரண்டையும் வாங்கினோம். எங்களுக்கென்று தனி ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் ஒரு வலையமைப்பை அடையாளம் காட்டும் எண்) ஐபி முகவரித் தொகுதியும் இருப்பதால், இரு நிறுவனங்களோடும் பிஜிபி செஷன் வைத்திருக்கிறோம். எந்த முகவரிக்கு எந்தப் பாதையில் போகலாம் என்று வலையமைப்புகளின் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் முறைதான் பிஜிபி; அந்தப் பேச்சு நடக்கும் தொடர்பு செஷன். இரண்டாவது இணைப்பான லீஸ்டு லைனை (எங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட தனி இணைப்பு) பற்றியதே இந்த மதிப்புரை. நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்களுக்கு உண்மையில் உதவிய பொறியாளர் இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறார், அவருக்கு என்னால் சங்கடம் வர வேண்டாம்.

இணைப்பு கொடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நாளில் வந்தார்கள், மின்கம்பத்திலிருந்து கேபிளை ஒழுங்காக இறக்கினார்கள், ஸ்ப்ளைஸ் செய்த (இழைகளை ஒட்டிய) இடத்தை மழைத் தண்ணீர் புகாதபடி மூடினார்கள். வேகமும் ஒப்பந்தத்தில் சொன்னபடியே கிடைத்தது. முதல் ஆறு மாதங்களில் அவர்களுக்கு நான் ஒருமுறைகூடத் தொலைபேசியில் பேச வேண்டி வரவில்லை.

சிக்கல் ஐப்பசி மழையோடு வந்தது. மார்த்தாண்டம் பக்கத்தில் வடிகால் தோண்டும்போது கேபிள் அறுந்தது. அது யார் குற்றமும் அல்ல. நான்கு மணி நேரத்துக்குள் போக்குவரத்தை வேறு பாதைக்கு மாற்றி இணைப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் வேடிக்கை தொடங்கியது. பிஜிபி செஷன் எழும், மூன்று நிமிடம் நிற்கும், விழும். சில விநாடிகளில் மறுபடி எழும், மறுபடி மூன்று நிமிடத்தில் விழும். ரவுட்டரின் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே வரி: ஹோல்டு டைமர் காலாவதி, பிழை எண் 4. அதாவது, எதிர்முனையின் செய்திக்காகக் காத்திருக்கும் கெடு முடிந்துவிட்டது. செஷன் எழுந்து நிற்கும் நேரத்திலும் அவர்களிடமிருந்து வந்த பாதை அறிவிப்புகளின் எண்ணிக்கை பூஜ்ஜியமாகவே இருந்தது. இந்தப் பூஜ்ஜியத்தை முதல் நாளே கவனித்திருந்தால் எனக்கு ஒரு இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

உதவி மையத்தை அழைத்தேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன மூன்று பதில்களும் தவறானவை. முதலில், "பிங் கிடைக்குதே சார், லிங்க் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிங் என்பது ஒரு சோதனைச் செய்தியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது மட்டுமே. செஷன் விழுந்திருந்த ஒரு நேரத்தில், "ஆக்டிவ்னுதானே சார் காட்டுது" என்றார். பிஜிபியில் ஆக்டிவ் என்பது வேலை செய்கிறது என்று பொருள்படாது. எதிர்முனையோடு பிஜிபிக்கு அடித்தளமான டிசிபி தொடர்பு கிடைக்காமல் முயன்றுகொண்டிருக்கும் நிலை அது. எஸ்டாப்ளிஷ்டு என்று வந்தால்தான் செஷன் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்தப் பெயரை வைத்தவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும். மூன்றாவதாக, "உங்க ரவுட்டர்தான் சார் கட் பண்ணுது, எங்க லாக்ல நோட்டிஃபிகேஷன் உங்க பக்கத்துல இருந்து வந்திருக்கு" என்று சொல்லி டிக்கெட்டை மூடிவிட்டார்.

செஷனை முடிப்பதாகச் சொல்லும் நோட்டிஃபிகேஷனை அனுப்பியது எங்கள் ரவுட்டர்தான் என்பது உண்மை. ஆனால் ஹோல்டு டைமர் காலாவதியாகும்போது அந்தச் செய்தியை அனுப்புவது யார்? எதிர்முனையிலிருந்து ஒன்றுமே காதில் விழாமல் காத்திருந்த பக்கம்தான். எங்கள் இரு ரவுட்டர்களும் 60 விநாடிக்கு ஒருமுறை கீப்அலைவ் (இன்னும் இருக்கிறேன் என்று சொல்லும் செய்தி) அனுப்பிக்கொள்ள வேண்டும். 180 விநாடிகள் எதுவும் வராவிட்டால் செஷனை முடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ரவுட்டர் அதைத்தான் செய்தது. ஆக, அந்த வரி எங்கள் மேல் சாட்டும் குற்றமல்ல, எங்கள் தரப்புப் புகார்.

மறுநாள் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு களப் பணியாளர் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரோடு வந்தார். "லைட்டு நல்லாத்தான் சார் வருது, இனி மேலதான் பாக்கணும்" என்று, கேபிளுக்கு மேலே உள்ள அடுக்குகளில்தான் தேட வேண்டும் என்ற பொருளில், ஒரே வாக்கியத்தில் அவர் சொன்னது, உதவி மையம் இரண்டு நாள் பேசியதைவிடப் பயனுள்ளதாக இருந்தது. அவர் போன பிறகு பெரிய தரவுப் பொட்டலங்களை வைத்துப் பிங் செய்து பார்த்தேன். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு முழு அளவான 1500 பைட் அனுப்பினால் பதிலே இல்லை. 1400 போய்த் திரும்பியது. ஏற்றி இறக்கிப் பார்த்ததில் 1496 போகிறது, 1497 போகவில்லை. அந்த நான்கு பைட்டில்தான் கதை முழுவதும் இருந்தது. மாற்றுப் பாதையில் கூடுதலாக ஒரு விலான் டேக் (எந்தப் பிரிவின் போக்குவரத்து என்று காட்டும் அடையாளச் சீட்டு) ஒட்டப்பட்டிருந்தது. அதன் அளவு நான்கு பைட். இடையில் இருந்த ஏதோ ஒரு சுவிட்ச் டேக்கால் பெரிதாகிவிட்ட ஃபிரேம்களை (பொட்டலங்களைச் சுமக்கும் உறைகளை) சொல்லாமல் கொள்ளாமல் வீசியெறிந்துகொண்டிருந்தது.

செஷன் தொடங்கும்போது பரிமாறப்படும் ஓப்பன் செய்தியும் கீப்அலைவும் மிகச் சிறியவை. கீப்அலைவ் வெறும் 19 பைட். ஆகவே செஷன் எழுந்துவிடும். அதன் பிறகு அவர்கள் பக்கத்திலிருந்து இணையத்தின் ஏறத்தாழ 10 லட்சம் பாதைகள் கொண்ட முழு அட்டவணை முழு அளவுப் பொட்டலங்களில் புறப்படும். முதல் பொட்டலமே தொலைந்துபோகும். டிசிபி வரிசை தவறாமல் கொடுக்கும் ஏற்பாடு என்பதால், தொலைந்ததை ஒப்படைக்கும்வரை பின்னால் நிற்கும் சின்னஞ்சிறு கீப்அலைவும் நகராது. 180 விநாடி ஆனதும் எங்கள் ரவுட்டர் கைகழுவும்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. எங்கள் முகவரிகளை நாங்கள் அறிவிக்கும் செய்தி சிறியது என்பதால் அது அவர்களுக்குத் தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. எனவே அந்த மூன்று நிமிடமும் வெளியுலகத்திலிருந்து எங்களுக்கு வரும் போக்குவரத்தில் ஒரு பகுதி இந்த ஓட்டை வழியில் இழுக்கப்பட்டு, பெரிய பொட்டலங்களெல்லாம் காணாமல் போயின. இணைப்பு அடியோடு போயிருந்தால் முதல் இணைப்பு அத்தனையையும் தாங்கியிருக்கும். குற்றுயிராகக் கிடந்ததால்தான் தொல்லை. முதல் வேலையாக அந்தச் செஷனை நானே கையால் நிறுத்தி வைத்தேன். அடிக்கடி எழுந்து விழும் பாதைகளைச் சில வலையமைப்புகள் தண்டனையாகச் சிறிது நேரம் ஒதுக்கி வைப்பதும் உண்டு. அந்த வம்பும் வேண்டாம் என்று நினைத்தேன்.

இந்த 1496 கணக்கை மின்னஞ்சலில் எழுதி, மேல்நிலைக்கு அனுப்புங்கள் என்று மூன்று முறை கேட்ட பிறகு ஒரு பொறியாளர் அவராகவே தொலைபேசியில் அழைத்தார். முழுவதையும் அவரிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும், "டேக் கூடிருச்சு சார்" என்றார். தற்காலிகமாக எங்கள் ரவுட்டர் இன்டர்ஃபேஸின் எம்டியுவை (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவை) 1400 ஆக இறக்கினேன். டிசிபி தொடங்கும்போதே சிறிய அளவு அறிவிக்கப்பட்டதால் செஷன் அசையாமல் நின்றது. அன்றிரவே அவர் சுவிட்சில் ஃபிரேம் அளவைக் கூட்டினார். நானும் எம்டியுவைப் பழையபடி மாற்றினேன். பேச்சுவாக்கில் அவர் ஒன்று சொன்னார்: அந்த மாற்றுப் பாதை போவதும் ஆரல்வாய்மொழி வழியாகத்தானாம். இரண்டு வாசல் என்று நான் போட்ட கணக்கு அன்றோடு சரி.

தை மாதத்தில் இன்னொரு முறை செஷன் விழுந்தது. அந்தத் தவறு எங்களுடையது. 1024 முகவரிகள் கொண்ட தொகுதியை நான்காகப் பிரித்து, மூலத்தோடு சேர்த்து ஐந்து பாதைகளாக அறிவித்தோம். அவர்கள் வைத்திருந்த வரம்பு நான்கு. அதை மீறியதால் அவர்கள் ரவுட்டர் செஷனை முடித்துவிட்டது; பிழை எண் 6 என்று பதிவாகியிருந்தது. இம்முறை அந்தப் பொறியாளரின் எண் கையில் இருந்ததால் 20 நிமிடத்தில் முடிந்தது.

என் பெரிய குறை ஒப்பந்தத்தைப் பற்றியது. மாதத்துக்கு 99.5 சதவீதம் இணைப்பு இருக்கும் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். 30 நாள் மாதத்தில் 3 மணி 36 நிமிடம் வரை போனால் பரவாயில்லை என்பது அதன் கணக்கு. ஐப்பசியில் எங்களுக்கு இரண்டரை நாள் போயிற்று. ஆனால் அவர்கள் கட்டணக் கழிவு தந்தது கேபிள் அறுந்து கிடந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டுமே, ஏனென்றால் அளவுகோல் அவர்கள் பக்கத்திலிருந்து போகும் சிறிய பிங்தான். பிங் கிடைத்தால் சேவை இருந்ததாகப் பொருளாம். மளிகைக் கடையில் படிக்கல்லைக் கடைக்காரரே செய்துகொண்டதைப் போன்ற ஏற்பாடு இது. இதை எழுத்தில் கேட்டேன். "விதிமுறை அப்படித்தான்" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

வீட்டுக்கோ சிறிய கடைக்கோ இணைப்பு எடுப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி தேவைப்படாது; அவர்களிடம் பிஜிபி இருக்காது. இரண்டு நிறுவனங்களோடு பிஜிபி வைக்கப் போகும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் இந்தச் சேவையை வாங்கலாம் என்றே சொல்வேன். கையெழுத்திடும் முன்பு, மாற்றுப் பாதை எந்த ஊர் வழியாகப் போகிறது என்று வரைபடத்தோடு கேளுங்கள். அந்தப் பாதையிலும் 1500 பைட் முழுதாகப் போவதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். முழு அட்டவணை தேவையில்லாவிட்டால் டிஃபால்ட் பாதை (எல்லா முகவரிகளுக்கும் பொதுவான ஒரே பாதை) மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். துண்டிப்பை மூன்று நிமிடம் காத்திராமல் ஒரு விநாடிக்குள் கண்டறிய பிஎஃப்டி (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் முறை) கேட்டேன். 300 மில்லி விநாடி இடைவெளியில் மூன்று முறை தவறினால் செஷனை இறக்கும்படி, கூடுதல் கட்டணம் இல்லாமலே அமைத்துக் கொடுத்தார்கள்.

சென்ற வாரம் புதுப்பிக்கும் படிவம் வந்தது. மூன்று ஆண்டுக்கு எடுத்தால் சலுகை உண்டு என்றார்கள். ஒரே ஆண்டுக்குக் கையெழுத்திட்டேன். பிஜிபி செஷன் விழுந்து கிடக்கும் நேரத்தையும் துண்டிப்பாகக் கணக்கிட வேண்டும் என்ற வரியைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அவர்கள் பக்கத்துக் கையெழுத்து இன்னும் வரவில்லை. செஷன் மட்டும் 11 வாரமும் 3 நாளுமாக விழாமல் நிற்கிறது.