பழைய காரின் அசல் பெயிண்ட்: பாலிஷ் கடைக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மிச்சிகனில் வசிக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் 1966 செவர்லே இம்பாலா ஒன்றை வாங்கினேன். முதல் சொந்தக்காரரின் மகள்தான் விற்றார். மெரீனா புளூ நிறம். தொழிற்சாலையில் அடித்த அதே பெயிண்ட், ஒரு இடத்தில்கூட மறுபடி அடித்ததில்லை. நிறம் மங்கியிருந்தது, பானட்டில் நரம்பு போல மெல்லிய வெடிப்புகள் ஓடின. அந்தப் பெயிண்டுக்காகவேதான் வாங்கினேன்.

இன்று பானட்டிலும் முன்பக்க ஃபெண்டர்கள் இரண்டிலும் அது இல்லை.

ஆகஸ்டில் இங்கே நடக்கும் பழைய கார் ஊர்வலமான உட்வர்ட் டிரீம் குரூஸுக்குக் கொண்டுபோகும் ஆசையில், பழைய கார்களுக்குப் பாலிஷ் போடுவதாகச் சொன்ன ஒரு கடையில் விட்டேன். "கையால் மட்டும் செய்யுங்கள், மெஷின் வேண்டாம்" என்று வாயால் சொன்னேன். எழுதி வாங்கவில்லை. மூன்று நாள் கழித்து மாலையில் எடுத்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் வெயிலில் பார்த்தால் பானட் ஒரு நீலம், கதவு ஒரு நீலம். பானட்டைத் திறந்தேன். உள்விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்த கோடு விரல் நகத்தில் தட்டியது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்த்தேன். கதவில் துணி நீலமானது, பானட்டில் வெள்ளையாகவே இருந்தது. கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு! பெயிண்டின் தடிமன் அளக்கும் மீட்டரை வைத்தேன். வாங்கிய அன்று பானட்டில் 110 மைக்ரான் இருந்தது, இப்போது 240.

என்ன நடந்தது என்று புரிய அந்தக் காலத்துப் பெயிண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லாக்கர் என்ற வகைப் பெயிண்ட். செவர்லே அதை 'மேஜிக் மிரர்' என்று விளம்பரம் செய்தது. அடித்து, சூட்டில் வைத்து, தேய்த்து, மறுபடி இன்னும் அதிகச் சூட்டில் வைப்பார்கள். மேல்பரப்பு லேசாக இளகித் தேய்த்த கீறல்கள் தானே மூடிக்கொள்ளும். மேலே கிளியர் கோட் கிடையாது. அது பரவலானது 1980களில்தான். அதனால் பழைய லாக்கரைப் பாலிஷ் செய்தால் நிறமேதான் தேயும். பானட்டின் மடிப்பு, ஃபெண்டரின் மேல்விளிம்பு போன்ற இடங்களில் பெயிண்ட் மிக மெல்லியது. கம்பளி பேட் மாட்டிய மெஷினில் கரடுமுரடான காம்பவுண்ட் (தேய்க்கும் பசை) போட்டால், சில நொடிகளில் அடியில் இருக்கும் பிரைமர் பூச்சு தெரிந்துவிடும். தெரிந்திருக்கிறது. அதை மறைக்கத்தான் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மெரீனா புளூ மெட்டாலிக் நிறம் வேறு. அலுமினியத் துகள்கள் அன்று படிந்த மாதிரி இன்று படியாது. அதனால்தான் வெயில் காட்டிக்கொடுத்தது.

கடைக்காரர் மறுக்கவில்லை. "முன்னைவிட நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு, நிறம் ஒத்துப்போக மிச்சக் காருக்கும் இலவசமாக அடித்துத் தருகிறேன் என்றார்! ஐம்பது வருடத்துக்கும் மேல் வெயிலையும் பனியையும் தாங்கி நின்றதை அழித்துவிட்டோம் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

உங்களிடம் அசல் பெயிண்டோடு ஒரு கார் இருந்தால், கடைக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பகுதியிலும் மீட்டர் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் கூடாது, உப்புத்தாள் கூடாது, பெயிண்ட் கூடவே கூடாது என்று வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டிக்கி மூடியில் உள்ளங்கை அளவு இடத்தில் உங்கள் கண்முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். தயங்கினால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, உண்மையில் அந்தக் காருக்குக் கடையே தேவைப்படவில்லை. எண்ணெய்ப் பசை உள்ள கிளேஸ் என்ற மெருகுப் பூச்சைக் கையால் தடவி ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் மெல்லத் துடைத்தால் மங்கிய லாக்கர் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். போன வாரம் கூரையில் நானே செய்தேன். ஆழமான நீலம் எழுந்து வந்தது. துடைத்த துணியிலும் அதே நீலம்.