பென்ஸ் பிரேக் டிஸ்குக்குத் திரும்பி வந்த வெள்ளி நிறம்

எங்கள் பென்ஸ் ஈ-கிளாஸுக்கு ஒன்பது வயது. வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அலாய் வீல் பளபளவென்று இருக்க, அதன் இடுக்கில் பிரேக் டிஸ்க் செங்காவி நிறத்தில் தெரிவது உறுத்திக்கொண்டே இருந்தது. டிஸ்க் வார்ப்பிரும்பு. பிரேக் பேட், அதாவது பிரேக் மிதித்தால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை, உரசும் முகத்தில் படியும் லேசான துரு நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். உரசாத நடுப்பகுதியிலும் விளிம்பிலும்தான் அப்படியே தங்கிவிடும்.

ஒரு கடையில் நான்கையும் மாற்றச் சொன்னார்கள். அளந்தால், தடிமன் குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருந்தது. அப்புறம் அடையாறில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்து, வெப்பம் தாங்கும் வெள்ளி பெயின்டை மெல்லிசாக மூன்று கோட் அடித்தார்கள். அதற்கு முன், பேட் உரசும் முகத்தையும் வீல் வந்து உட்காரும் இடத்தையும் டேப் ஒட்டிப் பொறுமையாக மறைத்தார்களே, அதைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. உரசும் இடத்தில் பெயின்ட் பட்டால் பிரேக் பிடிப்பே கெட்டுவிடும். வீல் போல்ட்டுகளையும் சரியான அளவு இறுக்கம் பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்கினார்கள்.

ஒரு நாள் வேலை, 4,800 ரூபாய். ஒரு மழைக்காலம் தாண்டியும் முன்பக்கம் இரண்டும் புதிது போலவே இருக்கின்றன. பின்பக்க விளிம்பில் மட்டும் லேசாகத் துரு எட்டிப் பார்க்கிறது. அதை அடுத்த சர்வீஸில் திரும்ப அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.